கோட்டுப் பைக்குள் க்ரீம் கேக்

நிஸ் கல்லெஸன் கேக் சாப்பிடுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பக்கத்தில் ஆட்கள் உண்டு. ஜெர்மனி எல்லையோரத்து டொண்டர் ஊருக்கு மேற்கே, கடலை மண்கரை போட்டுத் தடுத்து வைத்திருக்கும் அந்தச் சமவெளியில், ஒருவர் காப்பிக்குக் கூப்பிட்டால் வெறும் காப்பியோடு விடமாட்டார்கள். மேஜையில் மெத்தென்று ஏழு வகை கேக், மொறுமொறுவென்று ஏழு வகை இருக்கும். ஒன்று குறைந்தால் வீட்டுக்காரிக்குத் தலைகுனிவு. ஒன்றைத் தொடாமல் விட்டால் விருந்தாளிக்குத் தலைகுனிவு.

நிஸ் யாரையும் தலைகுனிய வைத்ததில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பால் லாரி ஓட்டியவர். பண்ணை பண்ணையாக நின்று பால் ஏற்றும்போது ஒவ்வொரு அடுப்படியிலும் அவருக்கென்று ஒரு துண்டு காத்திருக்கும். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற வயிறு. விருந்துகளில் பதினாலையும் முடித்துவிட்டு, "முதல்ல ஒண்ணு வச்சீங்களே, அதைச் சரியா கவனிக்கல" என்று தட்டை மறுபடி நீட்டுவார். வீட்டுக்காரிகள் பூரித்துப் போவார்கள். மனைவி இங்கெர் இறந்து தனியாளான பிறகும் அவரது வாரத்தில் பாதி நாள் ஏதோ ஒரு வீட்டுக் காப்பி மேஜையில்தான் கழிந்தது.

அப்படிப்பட்டவருக்கு எழுபத்தேழாம் வயதில், ஒரு ஜூன் மாதம், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று வந்தது. பெரிய பயமில்லை, சாப்பாட்டைச் சரிசெய்து மூன்று மாதம் பார்ப்போம், இறங்காவிட்டால் மாத்திரை என்று சொல்லி டாக்டர் அவரை ரிக்கெ என்ற நர்ஸிடம் அனுப்பினார். ரிக்கெ நிதானமாக எதிரில் உட்கார்ந்து விசாரித்தார்.

"காலைல என்ன சாப்பிடுவீங்க, நிஸ்?"

"புளிச்ச பாலு. உடம்புக்கு நல்லதாச்சே."

"வெறும் பாலா?"

"மேல கொஞ்சம் வறுத்த ரொட்டித் தூள்."

"அவ்வளவுதானா?"

நிஸ் தொப்பியைக் கையில் உருட்டினார். "கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை. பால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு."

"சரி. மத்தியானம்?"

"மீனு!" என்றார் நிஸ், தப்பித்துக்கொண்ட குரலில். "ஊறவச்ச ஹெர்ரிங் மீனு."

"கடைல வாங்குறதா? அந்த ஊறல்ல எவ்வளவு சர்க்கரை கொட்டுறாங்கன்னு தெரியுமா?"

"மீன்லயுமா!" நிஸ் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

ரிக்கெ சிரித்துவிட்டு ஒரு காலித் தட்டை மேஜையில் வைத்துக் காட்டினார். பாதித் தட்டு காய், கால் தட்டு மீனோ இறைச்சியோ முட்டையோ, மீதிக் காலில் உருளைக்கிழங்கோ கறுப்பு ரொட்டியோ. சாப்பிட்ட பிறகு ஒரு நடை. "கேக்கை ஒரேயடியா விடச் சொல்லல. எப்பவாவது ஒண்ணு சாப்பிடுங்க. பதினாலு வேண்டாம்."

"எங்க ஊர்ல ஒண்ணுங்கற எண்ணிக்கையே கிடையாதும்மா."

என்றாலும், வீட்டுக்குள் நிஸ் சொன்னபடி கேட்டார். அதில் அவருக்கே ஆச்சரியம். முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி, வாணலியில் வெண்ணெய் விட்டு, ஓரம் சிவக்கும்வரை வதக்கி, கடைசியில் ஒரு கரண்டி கடுகு விழுதைப் போட்டுக் கிளறினால் அப்படியொரு ருசி வரும் என்று அத்தனை வருஷம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. பச்சை ஹெர்ரிங்கை வாங்கி வந்து, மேலே கொஞ்சம் ரை தானிய மாவைத் தூவித் தானே பொரித்தார். சாப்பிட்டு முடித்ததும் கடல்கரைவரை நடந்தார். மத்தியானம் சோபாவில் வாய் பிளந்து தூங்குகிற பழக்கம் தானாகக் கழன்றுகொண்டது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார்.

ஆனால் வெளியில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நிஸ்ஸுக்கு நோய் என்று ஊர் பரிதாபப்படுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கூப்பிட்ட காப்பிக்கெல்லாம் போனார். போகும்போது பழைய லாரி ஓட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டார். அதன் இரண்டு பைகளும் முழங்கைவரை ஆழம். உள்ளே பிளாஸ்டிக் உறை. பேச்சு சூடு பிடிக்கும் நேரம் பார்த்துத் தட்டிலிருந்த துண்டு மேஜைக்கடியில் இறங்கி, பைக்குள் போய்விடும். வரும் வழியில் கடல்கரையில் நின்று பையைக் கவிழ்ப்பார். கோடை பாதி முடிவதற்குள் கடற்காகங்கள் அவர் சைக்கிளை அடையாளம் கண்டுகொண்டு, ஊர் எல்லையிலிருந்தே கூட்டமாகப் பின்னால் பறந்து வர ஆரம்பித்தன.

ஆகஸ்டில் போட்டில்லா யெஸ்ஸெனுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். போட்டில்லாவும் நிஸ்ஸும் ஒரே பள்ளிக்கூடம். கணவர் போய்ப் பல வருஷமாகியும் அந்த அம்மாளின் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. கேக்கில் அவரை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆளில்லை. கறுப்பு ரொட்டியை உதிர்த்து, அதில் கேக் சுட்டு, நடுவே புளிப்பான கருந்திராட்சை ஜாமும் மேலே மலைபோல க்ரீமுமாக அவர் அடுக்குகிற கேக்குக்காக எல்லை தாண்டி ஜெர்மனியிலிருந்துகூடச் சொந்தங்கள் வரும்.

"என்ன நிஸ், இந்த வெயில்ல கோட்டு?" என்று வாசலிலேயே கேட்டார் போட்டில்லா.

"முதுகுல லேசா காத்து அடிக்குது."

"வயசாகுது உனக்கு. உட்காரு, உனக்குன்னு தனியா பெரிய துண்டு வெட்டி வச்சிருக்கேன்."

அந்தத் துண்டு ஒரு செங்கல் அளவு இருந்தது. பாதிரியார் வாழ்த்துரை சொல்ல எழுந்த நேரத்தில் நிஸ் அதை இரண்டு தவணையாகப் பைக்குள் இறக்கிவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போனது. போட்டில்லாவின் நாயை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மொல்லெ என்ற அந்தக் குட்டைக்கால் நாய் மேஜைக்கடியில் மூக்கை நீட்டி, கோட்டுப் பையைக் கவ்வி, இழுக்க ஆரம்பித்தது. நிஸ் காலால் தள்ளினார். அது உறுமியது. பாதிரியார் பேச்சை நிறுத்தினார். பழைய தையல் 'டர்ர்' என்று பிரிந்து, க்ரீமும் ஜாமும் கறுப்புக் கேக்குமாக மொத்தமும் போட்டில்லாவின் மெழுகிய தரையில் சொத்தென்று விழுந்தது. மொல்லெ சத்தம் போட்டுச் சாப்பிட்டது.

நிஸ்ஸின் தங்கை மெட்டாவின் கணவர் கிரெஸ்டன்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன மச்சான், வீட்டுக்குப் பார்சலா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. போட்டில்லாவின் முகம் காதுவரை சிவந்திருந்தது.

"என் கேக் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம் நிஸ். நாய்க்குப் போட எனக்கே தெரியும்."

நிஸ் எழுந்தார். கிழிந்த பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "மோயின்" என்றார். வரும்போதும் அங்கே அதுதான் சொல்வது, போகும்போதும் அதுதான்.

அடுத்த வாரம் மெட்டா காரை வாசலில் நிறுத்திவிட்டு நேரே உள்ளே வந்தார். அண்ணனைவிட ஏழு வயது சின்னவர், ஆனால் அதட்டலில் மூத்தவர்.

"அண்ணே, என்னதான் பண்ணித் தொலைச்சே? ஊரே பேசுது."

"என்னைப் பத்தியா? பேசட்டும்."

"உன்னைப் பத்தி இல்ல. போட்டில்லாவைப் பத்தி. பால் லாரிக்காரனுக்குத் தெரியாத பாலா, க்ரீமா, அவ க்ரீம்ல ஏதோ கோளாறு இருந்துருக்கு, அதான் நிஸ் வாயில வைக்கலன்னு பேசிக்கறாங்க. கடைல ரெண்டு பேர் எங்கிட்டயே கேட்டுட்டாங்க. தேவாலயக் காப்பிக்கு இந்தத் தடவை அவளைக் கேக் கேட்கவே இல்லையாம்."

நிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. மெட்டா போனதும் சைக்கிளை எடுத்தார். இந்த முறை கோட்டு இல்லை.

போட்டில்லா தோட்டத்தில் கீரைக்கோஸ் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மொல்லெ மட்டும் ஓடி வந்து அவர் கால்சட்டையை நம்பிக்கையோடு முகர்ந்தது.

"உன் க்ரீம்ல ஒரு குத்தமும் இல்ல, போட்டில்லா."

"நாயும் அதைத்தான் சொல்லிச்சு."

"எனக்குச் சர்க்கரை வந்துருக்கு."

களைக்கொத்தி நின்றது.

"ஜூன்லேர்ந்து. கேக் சாப்பிடக் கூடாது. கூடாதுன்னு இல்ல, பதினாலு சாப்பிடக் கூடாது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் பையில போட்டேன். உன்னோடது மட்டும் இல்ல, எல்லார் வீட்டுலயும்."

"எல்லார் வீட்டுலயுமா? மெட்டாவோட வெனிலா வளையமும்?"

"அதுவும்தான். கடற்காகத்துக்குப் போட்டேன்."

போட்டில்லாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று நினைத்து நிஸ் பதறி ஒரு அடி முன்னால் வைத்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். நிற்க முடியாமல் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து, மண் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் மண்ணாக்கிக்கொண்டார்.

"அட மடையா! சீக்கு வந்ததைச் சொல்ல வெக்கம், கோட்டுப் பையில கேக்கை ஒளிக்க வெக்கமில்லையா? இப்ப என்னத்தைத்தான் தின்னு உசிரோட இருக்கே?"

அந்தக் கேள்விக்காகவே நிஸ் மூன்று மாதமாகக் காத்திருந்தாற்போலக் கொட்டினார். முட்டைக்கோஸைச் சொன்னார், கடுகைச் சொன்னார், பச்சை பீட்ரூட்டைத் துருவி அதில் காரத்துக்குக் குதிரைமுள்ளங்கி சேர்ப்பதைச் சொன்னார். யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததே அவருக்குப் பெரிய பாரமாக இருந்திருக்கிறது.

"நீயா? சமைக்கிறியா? இங்கெர் இருந்தப்போ வெந்நீர் வைக்கத் தெரியாதே உனக்கு!"

"வாணலி எங்க இருக்கு சொல்லு."

அன்று மத்தியானம் போட்டில்லாவின் அடுப்படியில் நிஸ் சமைத்தார். போட்டில்லா கைகட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். முதல் வாய் வைத்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அப்புறம் தட்டைக் காலி செய்தார். அப்புறம் வாணலியை இழுத்து, ஒட்டியிருந்ததைச் சுரண்டினார்.

"ஒரு விஷயம் சொல்றேன், வெளியில சொல்லாதே" என்றார். "எனக்கு கேக் சுட்டுச் சுட்டு அலுத்துப் போச்சு. ஒரு மேஜைக்கு ஒரு வாரம் சுடணும். பதினாலாவது வகைக்கு வரும்போது தோள்பட்டை கழண்டு விழுது. ஆனா போட்டில்லா கேக் சுடலன்னா என்ன ஆகும்னு பயம்."

"என்ன ஆகும்?"

"தெரியலயே! யாரும் செஞ்சு பாத்ததில்லையே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செப்டம்பர் கடைசியில் ஊர்க் கூடத்தில் அறுவடை விருந்து. அந்த வருஷம் மேஜை போடும் முறை போட்டில்லாவுடையது.

நிஸ்ஸின் சர்க்கரையும் கடற்காகக் கதையும் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தன. இருவரும் போடப்போகும் மேஜையைப் பற்றிய செய்தி மெட்டாவுக்கு எட்டியபோது அவர் தொலைபேசியிலேயே கத்தினார். "சூடா ஏழு, ஆறினது ஏழு, ஒண்ணுகூட இனிப்பு இல்லையா? காப்பிக்குத் தொட்டுக்க முட்டைக்கோஸா? அண்ணே, நம்ம அம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துருவா!"

"வரட்டும். அவளுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்."

"நான் என் கேக்கோடதான் வருவேன். கூடத்தோட அந்தக் கோடில என் மேஜை!"

சொன்னதைச் செய்தார். அறுவடை விருந்தன்று கூடத்தின் ஒரு கோடியில் மெட்டாவின் கேக்குகள் அடுக்கடுக்காக மினுங்கின. மறு கோடியில் போட்டில்லாவும் நிஸ்ஸும். ஒரு வாரமாகச் சேர்ந்து சமைத்திருந்தார்கள். சர்க்கரை சேர்க்காத கீரைக்கோஸ் மசியல், வெறும் வினிகரில் ஊறிய பொரித்த ஹெர்ரிங், புகையில் வாட்டிய விலாங்கு, கடுகுக் கோஸ், காரப் பீட்ரூட், காளான், பழைய பாலாடைக்கட்டி என்று மேஜை நிறைந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில், வெங்காயத் தோலோடு வெந்து பழுப்பாகி, உப்புநீரில் மிதக்கும் முட்டைகள்.

ஆட்கள் வந்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தார்கள், "மோயின்" என்றார்கள், அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மெட்டாவின் மேஜையில் கூட்டம் அலைமோதியது. போட்டில்லா தாடையை இறுக்கிக்கொண்டு, நேராக இருந்த கரண்டிகளை மறுபடி நேராக்கினார்.

"நான் வேணா சத்தம் போட்டுக் கூப்பிடட்டுமா?" என்றார் நிஸ்.

"மீன் சந்தையா இது? பேசாம நில்லு."

அப்போதுதான் கிரெஸ்டன் வந்தார். மனைவி பாராத நேரம் பார்த்து நழுவி வந்தது நடையிலேயே தெரிந்தது. ஜாடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, உரித்து, இரண்டாக வெட்டினார். மஞ்சள் கருவை வெளியே எடுத்து, அந்தக் குழியில் கடுகும் எண்ணெயும் வினிகரும் மிளகும் ஊற்றி, கருவைக் கவிழ்த்து மேலே வைத்து, முழுசாக வாயில் போட்டுக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்ததும் இன்னொன்று. மூன்றாவதுக்குக் கை போனபோது கூடத்தின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது.

"கிரெஸ்டன்! கேக் இங்க இருக்கு!"

"இருக்கட்டும்டி" என்றார் கிரெஸ்டன், வாய் நிறைய முட்டையோடு.

"இருக்கட்டுமா? உனக்குன்னு நாலு முட்டை போட்டு சுட்டிருக்கேன்!"

கிரெஸ்டன் விழுங்கினார். கூடமே திரும்பிப் பார்த்தது. "மெட்டா, எனக்கும் சர்க்கரைதான். போன வருஷத்துலேர்ந்து. மாத்திரை மீன்பிடிக்கிற பெட்டில, தூண்டில் முள்ளுக்கு அடியில இருக்கு. நீ அவ்வளவு ஆசையா சுடுறே, எப்படிச் சொல்றது?"

நிஸ் மாப்பிள்ளையை வாய் பிளந்து பார்த்தார். "மாப்ளே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"நீ எங்கிட்ட சொன்னியா மச்சான்? கடற்காகத்துக்கிட்ட சொன்னே."

மெட்டா கேக் கத்தியோடு கூடத்தைக் கடந்து வந்தார். எல்லோரும் வழி விட்டார்கள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, குரல் மட்டும் இறங்கவில்லை. "தினம் ராத்திரி ரெண்டு துண்டு வச்சேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னியா? வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்." கத்தியைக் கீழே வைத்தார். ஒரு தட்டை எடுத்தார். கீரைக்கோஸைக் குவித்து, விலாங்கு இரண்டு துண்டு வைத்து, புருஷன் கையில் திணித்தார். கரண்டியில் ஒட்டியிருந்த மசியலை யோசனையில்லாமல் தானே நக்கினார். புருவம் உயர்ந்தது.

"இதுல என்ன போட்டே, போட்டில்லா?"

"ஜாதிக்காய். உங்க அண்ணன் யோசனை."

அதற்கப்புறம் தட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பாதிரியார் விலாங்கை விட்டு நகரவே இல்லை. பலர் இந்தக் கோடியில் சாப்பிட்டு அந்தக் கோடியில் முடித்தார்கள், அதில் யாருக்கும் வருத்தமில்லை. முட்டை ஜாடி காலியாகி, உப்புநீரில் வெங்காயத் தோல் மட்டும் சுற்றியது. மெட்டாவின் மேஜையில், அந்தக் கூடத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, கேக் மிஞ்சியது.

கடைசியில் நிஸ் தங்கையின் மேஜைக்குப் போய், அடுக்குக் கேக்கில் விரல் பருமனுக்கு ஒரு துண்டு கேட்டார். உட்கார்ந்து, சிறு கரண்டியால், எல்லோரும் பார்க்க நிதானமாகச் சாப்பிட்டார். மெட்டா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம். ஏலக்காய் போட்டிருக்கியா?"

"எப்பவும் போடுறதுதானே!"

"எப்பவுமா?" என்றார் நிஸ், நிஜமான ஆச்சரியத்தோடு.

காப்பி முடிந்ததும் போட்டில்லா கையைத் தட்டி, "சாப்பிட்டா நடக்கணுமாம், நர்ஸம்மா சொல்லியிருக்கு, எழுந்திருங்க" என்று மொத்தக் கூடத்தையும் கிளப்பினார். மாலை வெயிலில் ஊர் முழுக்க வரிசையாகக் கடல்கரை மேல் நடந்தது. முன்னால் மொல்லெ ஓடியது. புல்வெளிக்கு மேலே மைனா போன்ற கறுப்புப் பறவைகள் ஆயிரக்கணக்கில் ஒரே திரளாக எழுந்து, மடிந்து, விரிந்து, நாணலுக்குள் இறங்கின. தினம் பார்க்கிற காட்சிதான் என்றாலும் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

அதற்கடுத்த வாரம் ரிக்கெ ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிஸ்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, பக்கத்துலயேதான் இருக்கும். இதேபோல பாத்துக்குங்க. ஜனவரில மறுபடி வாங்க."

கிரெஸ்டனும் ரிக்கெயிடம் போக ஆரம்பித்தார். மெட்டா கூடவே போய், அவர் பதில் சொல்லுமுன் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னார். புதன்கிழமைதோறும் கூடத்தில் சமையல் நடந்தது. யாருடைய கோஸ் உசத்தி என்று மெட்டாவுக்கும் போட்டில்லாவுக்கும் புதுப் போட்டி கிளம்பியது. தீர்ப்புச் சொல்ல நிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு தட்டையும் காலி செய்துவிட்டு, இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றார்.

டிசம்பர் தொடக்கத்தில், காற்று பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு மத்தியானம், நிஸ்ஸும் போட்டில்லாவும் சாப்பிட்டுவிட்டுக் கடல்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். போட்டில்லா அவர் கைக்குள் கை கோத்திருந்தார், காற்றுக்காக என்று சொல்லியிருந்தார்.

"கிறிஸ்துமஸ் ராத்திரி எங்க சாப்பிடுறே?"

"வழக்கம்போல மெட்டா வீட்ல."

"நீ வரலைன்னு மெட்டாகிட்ட சொல்லிட்டேன்."

நிஸ் நின்றார். "எப்போ?"

"போன மாசம்."

"அப்புறம் எதுக்கு இப்போ எங்கிட்ட கேக்குறே?"

"ஒரு மரியாதைக்கு" என்றார் போட்டில்லா. "நட, நின்னா குளிருது."